அட்டை தனி, தாள் தனி

அவளுக்குப் பன்னிரண்டு வயதிலேயே டீச்சர் என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தவர்கள் பழைய பேப்பர் கிடங்கில் அம்மாவோடு வேலை பார்த்த பெண்கள். பள்ளி விட்டதும் அவள் நேராகக் கிடங்குக்கு வந்து, கட்டிப்போட்ட தாள் மூட்டை ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்து, கைக்கு அகப்பட்டதைப் படிப்பாள். "டீச்சர் வந்தாச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்கடி" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் கை ஓயாமலேயே சிரிப்பார்கள். அம்மா மட்டும் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டிலும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள்.

அம்மாவின் வேலை புத்தகத்தின் அட்டையைப் பிய்ப்பது. அட்டை ஒரு கட்டு, உள்தாள் ஒரு கட்டு. இரண்டும் கலந்தால் காகித ஆலைக்காரன் லாரியோடு திருப்பி அனுப்பிவிடுவான். புத்தகத்தை வயிற்றோடு அணைத்து, முதுகைப் பிடித்து, ஒரே இழுப்பு. பசை இருக்கும் இடத்தில் முதல் நாலைந்து பக்கமும் கடைசி நாலைந்து பக்கமும் சேர்ந்தே வந்துவிடும். அம்மாவுக்கு எதிரே அதே மேஜையில், அதே வேலையில் இன்னொருத்தி. பத்தொன்பது வருஷமாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடிதான் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கு அவள் அத்தை. ரத்த உறவு இல்லை; அப்பா போன பிறகு வீட்டுக்கு அடிக்கடி வந்துபோன ஒரே ஆள் அவள்தான்.

முழுப் புத்தகம் ஒன்றுகூட வாசலைத் தாண்டக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். பெண்கள் அதைப் பழைய புத்தகக் கடையில் தள்ளிவிடுவார்கள் என்ற பயம். அட்டை போனதை எந்தக் கடைக்காரனும் தொடமாட்டான். அதனால் சாயங்காலம் பைகளைச் சோதிக்கும் மேஸ்திரி, அட்டையில்லாத தாள்கட்டு ஏதாவது கண்ணில் பட்டால், அலமாரியில் விரிக்கக் கொண்டுபோகிறார்கள் என்று கண்டும் காணாமல் விட்டுவிடுவார். அம்மா எதையும் அலமாரியில் விரித்ததில்லை. வீட்டில் அலமாரியே இல்லை. சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்து எடுத்து வந்து, "இந்தா, இங்கிலீஷ். எழுத்து பொடிசா இருக்கு, நல்ல புத்தகமாத்தான் இருக்கும்" என்று மடியில் போடுவாள்.

அப்படி வந்தவை அறுபத்து மூன்று. கட்டிலுக்கு அடியில் இரண்டு அட்டைப்பெட்டிகளில் இருந்தன. எதற்கும் தலைப்பு கிடையாது. எழுதியவர் யார் என்று தெரியாது. அவளாகவே பெயர் வைத்துக்கொண்டாள்: நொண்டிக் குதிரை, இரண்டு அக்காக்கள், மழை நிற்காத வீடு. பாடப்புத்தகத்துக்கு வெளியே அவள் படித்த ஆங்கிலமெல்லாம் இவைதான். கல்லூரியில் இலக்கியம் எடுத்தபோது மூலத்தை யாரும் படிக்கவில்லை; ஆளுக்கொரு நோட்ஸ் வைத்திருந்தார்கள், அதை உருப்போட்டுத் தேறினார்கள். அவளும் அப்படித்தான் தேறினாள். பரீட்சைக்கு ஒரு ஆங்கிலம், கட்டிலடிப் பெட்டிக்கு ஒரு ஆங்கிலம். இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆசிரியர் பயிற்சி முடித்து மூன்று வருஷம் பதிலி ஆசிரியையாக அலைந்தாள். யாராவது பிரசவத்துக்குப் போனால், யாராவது காலை உடைத்துக்கொண்டால் கூப்பிடுவார்கள். அவர்கள் திரும்பி வந்ததும் சாக்பீஸைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். ஒரு வகுப்பிலும் முதல் நாளும் கடைசி நாளும் அவளுடையதாக இருந்ததில்லை. இருபத்தாறு வயது. அம்மாவுக்கு இழுத்து இழுத்து வலது தோள் மேலே தூக்க முடியாமல் போயிருந்தது.

அப்போதுதான் ஊரின் பெரிய பள்ளியில் ஒரு நிரந்தர இடம் காலியானது. எழுத்துத் தேர்வில் தேறினாள். மாதிரி வகுப்பிலும் தேறினாள். நேர்காணலுக்கு முன்னால் நிரப்பச் சொல்லி ஒரு படிவம் வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்: ஓய்வு நேரத்தில் விரும்பிப் படித்த பத்து ஆங்கில நூல்கள். தலைப்பு, ஆசிரியர்.

பேனாவை வைத்துவிட்டு அரை மணி நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பயிற்சிக் கல்லூரித் தோழிக்குப் போன் போட்டாள்.

"அறுபது புத்தகம் படிச்சிருக்கேன்டி. ஒண்ணோட பேரும் தெரியாது."

"லூசா நீ? இன்டர்நெட்ல 'படிக்க வேண்டிய பத்து'ன்னு போட்டுப் பாரு, வரும். எல்லாரும் அதத்தான் எழுதுவாங்க. கேக்கறவங்களும் அதத்தான் படிச்ச மாதிரி நடிப்பாங்க."

அப்படியே எழுதினாள். பொய் எழுதுகிறோம் என்ற உறுத்தலைவிட, கையெழுத்து அழகாக வந்திருக்கிறதே என்ற திருப்திதான் அப்போது பெரிதாக இருந்தது.

நேர்காணல் அறையில் இரண்டு பேர். ஒருவர் தலைமையாசிரியை; இஸ்திரி கலையாத பருத்திப் புடவை, கனிவான குரல். இன்னொருவர் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. காதில் கருவி மாட்டியிருந்தார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. அதிகாரி படிவத்தில் நாலாவது புத்தகத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதில் உங்களுக்குப் பிடித்த ஓர் இடம் சொல்லுங்கள்."

அவள் அந்தத் தலைப்பை மறுபடி ஒருமுறை படித்தாள். அவர் விரலை ஏழாவதுக்கு நகர்த்தினார். "சரி, இது?"

"இந்தப் பத்தில் ஒன்றையும் நான் படித்ததில்லை, சார்" என்றாள்.

தலைமையாசிரியை பேனாவை மூடினார். அது முடிந்துவிட்டதற்கான அடையாளம் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால்தானோ என்னவோ, வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஆனால் வேறு படித்திருக்கிறேன். பெயர் தெரியாது. கதை சொல்லட்டுமா?"

அதிகாரி கருவியைத் திருகிக்கொண்டு, "சொல்லுங்கள்" என்றார்.

ஒரு துறைமுக ஊர். அங்கே ஒரு குமாஸ்தா. அவருடைய முதலாளி செத்துப்போகிறார். முதலாளிக்கு வெளியூரிலிருந்து ஒரு பெண் மாதாமாதம் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குச் சாவுச் செய்தி தெரியாது. சொல்ல மனசு வராமல் குமாஸ்தா தானே முதலாளி பெயரில் பதில் எழுத ஆரம்பிக்கிறார். வருஷக்கணக்கில் எழுதுகிறார். ஒருநாள் அவள், கப்பலேறி வருகிறேன், துறைக்கு வந்து நில்லுங்கள் என்று எழுதிவிடுகிறாள். டீச்சர் அந்தக் குமாஸ்தா சட்டைக்கு இஸ்திரி போடும் இடத்தைச் சொன்னாள். துறைக்குப் போகும் வழியில் இரண்டு தரம் திரும்பி வீட்டுக்குப் போய்விடுவதைச் சொன்னாள். எந்த மொழியில் பேசுகிறோம் என்பதே நினைவில்லை. வினைச்சொல்லைத் தேடவில்லை, வாக்கியத்தை மனசுக்குள் கூட்டிப் பார்க்கவில்லை. அந்த அறையில் அவள் பேசிய ஆங்கிலத்தைப் போல வாழ்நாளில் ஒருநாளும் பேசியதில்லை.

"பிறகு?" என்றார் தலைமையாசிரியை.

"அதற்கு மேல் பக்கம் இல்லை, மேடம்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். நல்ல சிரிப்பு. தலைமையாசிரியை மேஜை மேல் கையை ஊன்றி முன்னால் குனிந்து, தமிழுக்கு மாறினார். "எப்படிம்மா இப்படி? பேரும் இல்லாம முடிவும் இல்லாம?"

அவ்வளவு பிரியமாக அவளை யாரும் கேட்டதில்லை. அவள் தலைகால் புரியாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். கிடங்கு, வயிற்றோடு அணைத்துப் பிய்ப்பது, முதலாளியின் சட்டம், மேஸ்திரியின் பாராமுகம், சாப்பாட்டுப் பை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைமையாசிரியை, "எந்தக் கிடங்கு?" என்று கேட்டார்.

அதையும் சொன்னாள்.

சொன்ன கணத்தில் அவர் முகத்தில் ஏதோ ஒன்று மாறி, மறுபடி பழையபடி ஆனது. "நம்ம பள்ளியோட பழைய விடைத்தாள்கூட அங்கதான் போகுது" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். அந்த நேரத்தில் அம்மாவை வீட்டில் பார்த்ததே இல்லை. செருப்பைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"வர வேணாம்னுட்டாங்க."

"யாரும்மா?"

"மொதலாளி. ஏதோ பள்ளிக்கூடத்துலேர்ந்து போன் வந்துச்சாம். உங்க கிடங்குலேர்ந்து தாள் வெளிய போகுது, எங்க பிள்ளைங்க பேப்பர நம்பி எப்படி அனுப்புறதுன்னு கேட்டாங்களாம். புத்தக மேஜைல இருந்த ரெண்டு பேரையும் போன்னுட்டார்." தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "நான் ஒரு விடைத்தாளத் தொட்டிருப்பேனா? அது வேற ரூம்ல இருக்கும்டி. பூட்டி வெச்சிருப்பாங்க" என்றாள்.

எந்தப் பள்ளிக்கூடம் என்று டீச்சருக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மத்தியானம் பள்ளியிலிருந்து போன் வந்தது. தேர்வாகிவிட்டாள், நாளை வந்து கையெழுத்துப் போட வேண்டும். அம்மா அழுதாள், சிரித்தாள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தாள். "பாத்தியா, ஒரு வாசல் மூடினா என்ன? நான் இனி உக்காந்து சாப்பிடுவேன்" என்று தானே தனக்குச் சொல்லிக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தின் நடுவில் வாயைத் திறப்பது எப்படி என்று டீச்சர் யோசித்தாள். திறக்காமலே இருந்துவிடலாம் என்றும் யோசித்தாள். யாருக்குத் தெரியப்போகிறது?

அந்த நேரத்தில்தான் அத்தை வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே அம்மாவைப் பார்த்து ஆரம்பித்தாள்.

"உனக்கு வாய்க்கொழுப்பா? எவகிட்டடி போய்ப் பெருமை பேசின? என் பொண்ணு இங்கிலீஷ் புத்தகம் படிக்கறான்னு ஊரெல்லாம் தமுக்கு அடிச்சியா?"

"சத்தியமா நான் யார்கிட்டயும்..."

"பின்ன எப்படித் தெரியும்? மேஜைக்கு வாய் இருக்கா? பத்தொன்பது வருஷத்துல நான் ஒரு துண்டுத் தாள் எடுத்திருக்கேனா? எனக்குப் படிக்கத் தெரியாது, படிக்க ஆளும் இல்ல. நீ எடுத்த, நான் பாத்தும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். அதுக்கா எனக்கு இந்தக் கூலி?"

அம்மா கும்பிடாத குறையாக நின்றாள். "அவ தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்றேன், நான் சொல்லல" என்று மகளைக் கைகாட்டினாள்.

"நான் சொன்னேன்" என்றாள் டீச்சர்.

இருவரும் திரும்பினார்கள்.

"இன்டர்வியூல கேட்டாங்க. நான்தான் சொன்னேன்."

அத்தை அவள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள். "வேல குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"ம்" என்றாள் அத்தை. திட்டியிருந்தால் தேவலை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். அம்மா உள்ளே வந்து சுவரைப் பார்த்துப் படுத்தாள். திரும்பாமலே, "எதுக்குச் சொன்ன? கேட்டாங்களா, நீயா சொன்னியா?" என்றாள்.

அதுதான் டீச்சரும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. உண்மை பேச வேண்டும் என்றா சொன்னாள்? இல்லை. அவர்கள் காதுகொடுத்துக் கேட்டது அவளுக்கு ருசித்தது. இன்னும் கொஞ்சம் கேட்கட்டும் என்றுதான் அம்மாவை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தாள்.

மறுநாள் பள்ளிக்குப் போனாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் தலைமையாசிரியையிடம் விஷயத்தைச் சொன்னாள். முதலாளியிடம் ஒரு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டாள்.

"ஐயோ, உங்க பேர நான் சொல்லவே இல்லம்மா" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு. "கவனமா இருங்கன்னு மட்டும்தான் சொன்னேன். உங்கம்மா விடைத்தாள் எடுக்கலன்னு நம்பறேன். ஆனா தாள் வெளிய போகுதுன்னு தெரிஞ்ச பிறகு நான் சும்மா இருக்க முடியுமா? பிள்ளைங்களோட மார்க் இருக்கு, பேர் இருக்கு. நீங்களும் டீச்சர்தானே, நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் தப்பு எங்கே என்று தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. படிவத்தை அவள் பக்கம் நகர்த்தி, பேனாவைத் திறந்து கொடுத்தார். எழுந்து வந்துவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்தால் அம்மாவின் வேலை திரும்புமா? மூன்று இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். மூன்றிலும் போட்டாள்.

"போட்டியா?" என்று மட்டும் வீட்டில் அம்மா கேட்டாள்.

"போட்டேன்."

"சரி. ஆஸ்பத்திரியில தரை தொடைக்க ஆள் எடுக்கறாங்களாம். அத்தைக்கு ஒரு விண்ணப்பம் எழுது. நீயே போய்க் குடு. நான் வரல."

"உனக்கு?"

"எனக்குத் தோள் தூக்காது."

எழுதினாள். வயது, முகவரி, பத்தொன்பது வருஷ அனுபவம். சாயங்காலம் மூன்று தெரு தள்ளிப் போய்க் கதவைத் தட்டினாள். அத்தை கதவைப் பாதி திறந்து, ஒரு கையால் அதைப் பிடித்தபடியே நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. தாளை வாங்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "படி" என்று திருப்பிக் கொடுத்தாள்.

டீச்சர் வாசலில் நின்று படித்தாள். நடுவில் அத்தை ஒருமுறை தலையாட்டினாள். படித்து முடித்ததும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். அத்தை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். மைப்பெட்டி கொண்டுவரவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

"நாளைக்குக் கொண்டாரேன், அத்தை."

"கொண்டா. அதுக்குள்ள இன்னொண்ணையும் யோசிச்சு வை" என்றாள் அத்தை. "பத்தொன்பது வருஷம் ஒரே இடத்துல இருந்தவ ஏன் நின்னேன்னு அங்க கேப்பாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?"

டீச்சர் தாளை மடித்தாள். பிரித்தாள். அத்தை கதவிலிருந்து கையை எடுக்காமல், பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.