புறவிசை இல்லாத இடம்

மற்ற வாத்தியார்கள் பிள்ளைகளுக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுத்தால் போதும். இயற்பியல் வாத்தியார் மட்டும்தான் அவர்கள் தினமும் கண்ணால் பார்ப்பதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொல்லிவிட்டு, தயவுசெய்து நம்புங்கள் என்று கெஞ்ச வேண்டும். உந்தம் நடத்திய சக வாத்தியார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கும், ஒன்றோடொன்று மோதினாலும் மொத்த உந்தம் மாறாது என்போம். டிராக்டரே சேற்றில் இறங்கினால் நின்றுவிடுகிற ஊரில் இதை யார் நம்புவார்கள்?

போன கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே சேதி நல்லதாக இருக்காது. பிளஸ் ஒன் சயின்ஸ் குரூப்பில் ஆளே இல்லை, இந்த வருஷம் பத்தாவது முடிக்கிறவர்களில் பத்துப் பேராவது சேராவிட்டால் குரூப்பை மூடிவிடுவார்கள், உங்களை உபரி என்று சொல்லி வேறு எங்காவது தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றார். அதனால் பத்தாவதுக்கும் நானே அறிவியல் எடுத்து, பிள்ளைகளுக்கு ஆசை காட்ட வேண்டும். பத்தாவதில் முதல் பாடமே இயக்க விதிகள். என் பிழைப்பு உந்தத்தின் தலையில் போய் உட்கார்ந்தது.

வீங்கிய கேரம் போர்டு

வாயால் சொன்னால் எடுபடாது, செய்து காட்டுவோம் என்று பள்ளிக்கூடத்து கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். ஒரே எடையுள்ள இரண்டு ஸ்ட்ரைக்கர். ஒன்றைச் சுண்டி நிற்பதன் மேல் மோதவிட்டால் வந்தது நின்றுவிட வேண்டும், நின்றது அதே வேகத்தில் கிளம்ப வேண்டும். ஒன்று இழந்த உந்தம் இன்னொன்றுக்குப் போய்விட்டது, மொத்தம் அப்படியே இருக்கிறது. புத்தகத்தில் எவ்வளவு அழகாக இருக்கிறது!

போன மழைக்கு அந்த போர்டு ஒழுகுகிற அறையில் கிடந்து நடுவில் வீங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. பவுடரும் இல்லாததால் சாக்பீஸ் தூளைத் தூவியிருந்தேன். சுண்டிய ஸ்ட்ரைக்கர் மேடேறி, யோசித்து, பக்கவாட்டில் இறங்கிக் குழிக்குள் விழுந்தது. மூன்று முறை சுண்டினேன், மூன்று முறையும் விழுந்தது. உராய்வும் மேடும் புறவிசைகள், புறவிசை ஏதும் செயல்படாதவரைதான் மொத்த உந்தம் மாறாது, விதியின் முதல் வரியே அதுதான் என்று சமாளித்தேன். முன் பெஞ்சில் இருந்த பவித்ரா எழுந்து, புறவிசையே இல்லாத இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். குத்தகைக்கு நெல் போடுகிற வீட்டுப் பெண். கேள்வி கேட்கிற ஒரே பிள்ளை. அப்படி ஓர் இடம் இல்லைம்மா, இருப்பதாக வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறோம் என்றேன். போர்டைத் திரும்ப வாங்கிப்போக வந்த பி.டி. மாஸ்டர் எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

"உங்க விதி நல்ல விதிதான் சார். நம்ம ஸ்கூல் சாமானை வச்சு மட்டும் அதைச் செஞ்சு பார்க்காதீங்க."

நாகப்பட்டினத்தில் ஒரு செய்முறை

சேறும் உராய்வும்தானே தொல்லை, தண்ணீரில் காட்டுவோம் என்று எனக்குப் பட்டது. எந்த நேரத்தில் பட்டதோ. நாகப்பட்டினத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போனபோது, கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற ஒரு சின்ன ஃபைபர் படகை அதன் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி, நான் ஏறிக்கொண்டேன். இப்போது நானும் படகும் அசையாமல் இருக்கிறோம், மொத்த உந்தம் பூஜ்யம். நான் கரைப்பக்கம் அடி எடுத்து வைத்தால் படகு எதிர்ப்பக்கம் போகும், கூட்டிப் பார்த்தால் அப்போதும் பூஜ்யம் என்றேன். கட்டியிருந்த கயிறும் ஒரு புறவிசைதான் என்று அதையும் அவிழ்க்கச் சொன்னேன்.

அடி எடுத்து வைத்தேன். படகு சொன்னபடியே பின்னால் போனது. கரைக்கும் படகுக்கும் நடுவில் நான் போனேன், சட்டைப்பையில் இருந்த செல்போனும் கூடவே வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்த தேர்வில் உந்த மாறா விதிக்கு எடுத்துக்காட்டு கேட்டபோது வகுப்பில் முக்கால்வாசிப் பேர் "எங்கள் சார் படகிலிருந்து விழுந்தது" என்று எழுதினார்கள். அதற்கு மார்க் போடாமல் இருக்கவும் முடியவில்லை. ஆனால் கூட வந்திருந்த சமூக அறிவியல் டீச்சர், துண்டை நீட்டிக்கொண்டே கேட்டதுதான் இன்றுவரை வலிக்கிறது.

"தெரியாதவங்க விழுந்தா சரிங்க சார். தெரிஞ்சுக்கிட்டே நீங்க எதுக்கு விழுந்தீங்க?"

வைக்கோல் கட்டு

திருப்புதல் தேர்வுக்கு எங்கள் விடைத்தாள்களைப் பக்கத்துப் பள்ளியில் திருத்தினார்கள். வேகமாக வரும் பொருளைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பது ஏன், எடுத்துக்காட்டுடன் விளக்குக என்று ஒரு கேள்வி. பவித்ரா தன் வீட்டு வேலையை எழுதியிருந்தாள். அறுவடை முடிந்ததும் மெஷின் கட்டிப் போட்ட வைக்கோல் கட்டுகளை அவள் அண்ணன் வயலில் நின்று தூக்கி வீசுவான். இவள் டிராக்டர் டிரெய்லர் மேல் நின்று வாங்குவாள். கையை விறைப்பாக வைத்தால் கட்டின் உந்தம் முழுவதும் ஒரே நொடியில் நம்மேல் இறங்கி மல்லாக்கத் தள்ளிவிடும். கையைப் பின்னால் கொண்டுபோய் வாங்கினால் அதே உந்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அதனால் விசை குறையும். படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒருவருக்காவது புரிந்திருக்கிறதே!

அந்த விடைக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு பூஜ்யம். இதில் என்ன சார் தப்பு என்று அவள் வந்து கேட்டாள். திருத்திய வாத்தியாருக்குப் போன் போட்டு விவாதித்தேன். நல்ல மனுஷர், கோபப்படாமல் பொறுமையாகவே சொன்னார்.

"விடைக்குறிப்புல கிரிக்கெட் பந்துதாங்க சார் இருக்கு. வைக்கோல் இல்ல."

பெற்றோர் கூட்டம்

பிள்ளைகளைப் பிடித்தாயிற்று, பெற்றோரையும் பிடிப்போம் என்று பொதுத்தேர்வுக்கு முன்னால் ஒரு கூட்டம் போட்டோம். இயற்பியல் படித்தால் என்னென்ன ஆகலாம் என்று நான் தொண்டை வறளப் பேசினேன். எனக்கு முன்னால் பேசிய தலைமையாசிரியர், கூட்டம் மனமிரங்கட்டும் என்று, ஆள் சேராவிட்டால் சாரையே வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று உருக்கமாகச் சொல்லிவைத்திருந்தார். குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த ஓர் அப்பா கடைசி வரிசையில் எழுந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்களும் இதைத்தானே சார் படிச்சீங்க. உங்க வேலையே நிக்குமா நிக்காதான்னு பேசிக்கிட்டிருக்கீங்க, எங்க புள்ளைய எதை நம்பி சேக்கிறது?"

சேர்க்கை

ஆறு பேர் சேர்ந்தார்கள். முதல் பெயர் பவித்ரா. பத்துக்கு ஆறு போதாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். குரூப் மூடப்பட்டது, எனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் ஒதுக்கினார்கள். என் கவலை என்னோடு. அந்தப் பெண்ணை மட்டும் விட மனம் வரவில்லை. சயின்ஸ் குரூப் வேண்டுமென்றால் அவள் பாபநாசம் போய் அங்கே இன்னொரு பஸ் மாற வேண்டும். அவள் வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் பேசினேன். அவர் கத்தவில்லை, மறுக்கக்கூட இல்லை. பையன் சிங்கப்பூர் கிளம்புகிறான், சம்பா வேலைக்கு வீட்டில் ஆள் வேண்டும், பஸ்ஸைத் தவறவிட்டால் பெண் பிள்ளை இருட்டில் நிற்கும், இங்கேயே காமர்ஸ் இருக்கிறதே என்று நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னார்.

நான் விடுவிப்பு வாங்கிய அன்று அவள் காமர்ஸுக்குப் பணம் கட்ட வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. குரூப் எதுவாக இருந்தால் என்ன, கிளம்பிய வேகத்தை விட்டுவிடாதே, வீட்டிலிருந்தபடியே படி, உந்தம் மாறாது என்று ஏதோ பெரிய ஆறுதல் போலச் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. வகுப்பில் பதில் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"விதி சரிதான் சார். அதோட முதல் வரிதான் எங்க வீட்டுல இல்ல."

ஆக, சக வாத்தியார்களே, என் சர்வீஸிலேயே உந்த மாறா விதியை முதல் வரியோடு சேர்த்துப் புரிந்துகொண்ட ஒரே பிள்ளை இப்போது கணக்குப்பதிவியல் படித்துக்கொண்டிருக்கிறது.