கிடங்குச் சாலையின் கணக்கு

எர்லிந்தாவுக்கு லாரி கணக்கெடுக்கும் வேலை கிடைத்தபோது வயது நாற்பத்தொன்பது. அதற்கு முன் பதினேழு வருடம் பள்ளிச் சமையலறையில் பாத்திரம் கழுவியவள். மெக்சிகோவை ஒட்டிய அமெரிக்க எல்லை நகரமான லாரெடோவின் கிடங்குச் சாலையில் லாரிகளை ஓரங்கட்டச் சொல்லி, எங்கிருந்து வருகிறது, என்ன சரக்கு, எங்கே போகிறது என்று கேட்டு எழுத வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு எந்தச் சாலையில் அதிகம் ஓடுகிறதோ அந்தச் சாலைக்குத்தான் வாஷிங்டன் பணம் வரும். அவள் குடியிருப்பதே அந்தச் சாலையில். லாரிகள் தின்று தின்று ஓரமெல்லாம் பள்ளமாகிக் கிடந்தது. நம் தெருவுக்கு விடிவுகாலம் வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார்கள்.

மெக்சிகோ லாரிகள் பாலம் தாண்டியதும் முதல் கிடங்கில் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திரும்பிவிடும். வேறொரு லாரி அதே பெட்டியை மாட்டிக்கொண்டு கிடங்குச் சாலையில் இறங்கும். எங்கிருந்து என்று கேட்டால், "நாலாம் நம்பர் கிடங்கு" என்பான் ஓட்டுநர். பெட்டிக்குள் மெக்சிகோவின் மிச்சோவாகானில் விளைந்த அவகாடோ இருப்பது அவளுக்குத் தெரியும். முதல் வாரம் முழுக்க மெக்சிகோ என்றே எழுதினாள்.

மாநிலத் தலைநகரிலிருந்து சாலைத்துறைப் பொறியாளர் விட்லாக் போன் செய்தார். "ஓட்டுநர் சொல்றதத்தான் எழுதணும். உங்களைக் கேட்கத்தான் வச்சிருக்கோம். தெரிஞ்சுக்க இல்ல," என்றார். முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் அவளே உள்நாடு என்று திருத்த வேண்டுமாம். முடியாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வாராம். அவள் ஒரே மூச்சில் திருத்தி முடித்தாள்.

முடிவைச் சொல்ல நடந்த கூட்டத்தில் விட்லாக் ஆங்கிலத்தில் பேச, எர்லிந்தா அதைத் தெருக்காரர்களுக்கு ஸ்பானிய மொழியில் சொன்னாள். இந்தச் சாலையில் வெளிநாட்டுச் சரக்கு நாளொன்றுக்குப் பத்தொன்பது லாரிதான். பணம் இருநூறு மைல் தள்ளியிருக்கும் நெடுஞ்சாலைக்குப் போகிறது. வெளியே போன லாரிகளின் இரைச்சலில் இதை அவள் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. முன்வரிசையில் செஃபெரினா இருந்தாள். அவள் மகளுக்கு ஞானஸ்நானத் தாய் எர்லிந்தா; அந்த உறவில் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று கூப்பிடுவார்கள். அன்று செஃபெரினா கூப்பிடாமல் எழுந்து போனாள்.

அக்டோபரில் செஃபெரினாவின் கணவன் அபுந்தியோ ரொட்டி வாங்கப் போனவன், இடிந்த சாலையோரத்தில் லாரிக்கு அடியில் போனான். லாரியிலிருந்த மெக்சிகோவின் சினலோவாத் தக்காளி நசுங்கிச் சாலையெங்கும் கிடந்ததால், ரத்தம் எது என்று போலீஸ்காரர்களுக்கு உடனே தெரியவில்லை.

சவப்பெட்டியருகே எர்லிந்தா வந்து நின்றதும் செஃபெரினா கேட்டாள்: "இவர அடிச்ச லாரிய எந்தக் கட்டத்துல எழுதுவ கொமாத்ரே?"

எர்லிந்தா பெட்டிமேல் கிடந்த பூக்களை ஒதுக்கி வைத்தாள்.

"சொல்லேன். எழுதுனவதான நீ."

"உள்நாடு," என்றாள் எர்லிந்தா. வேறு பொய் அவளுக்கு வரவில்லை.

அந்த வாரமே தான் திருத்திய வரிகளையெல்லாம் பட்டியல் போட்டு, யார் சொல்லித் திருத்தினாள் என்பதையும் எழுதித் தலைநகருக்கு அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கணக்கெடுத்தவரே மாற்றி எழுதியதை ஒப்புக்கொண்டிருப்பதால் இந்தச் சாலையின் கணக்கு மொத்தமும் தள்ளப்படுகிறது. அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு இதற்கு லாரி எண்ணிக்கை ஏதுமில்லை; எனவே பணமும் இல்லை. அவள் வேலையும் இத்துடன் முடிகிறது. விட்லாக்கின் பெயர் அதில் எங்கும் இல்லை.

கடிதத்தைச் செஃபெரினாவிடம் எடுத்துப் போனாள். வாசலில் நின்றபடியே படித்தாள் செஃபெரினா. "பத்தொம்பது லாரியாவது கணக்குல இருந்துச்சு. அதையும் தின்னுட்ட," என்று காகிதத்தை நீட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எர்லிந்தா இப்போது ஒரு மோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். போன மே மாதம் ஞானஸ்நான மகளுக்குக் கல்யாணம். அழைப்பு வரவில்லை. ஊர்வலமும் வாத்தியமும் மோட்டல் வழியாகப் போனபோது, எட்டாம் அறையின் குளியல் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கவில்லை.