இடப்பக்கத்துக் காப்பி

புதுச்சட்டையில் இடது கையை நுழைக்க மறந்துவிட்டு, தையற்காரரிடம் சண்டைக்குப் போனவன் நான். நோயைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதி அது ஒன்றுதான்.

கணபதி என்ற பகுதியில் எனக்கு லேத் பட்டறை. தையற்கடை பக்கத்துத் தெருவில். "ஒரு கையைத் தப்பாத் தெச்சுப்போட்டீங்க" என்றேன். அவர் சட்டையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணா, வாய் ஒருபக்கமா இழுக்குதுங்க. மொதல்ல ஆட்டோல ஏறுங்க."

பேச்சை மாற்றித் தப்பிக்கிறார் என்றே ஆஸ்பத்திரி வரைக்கும் நம்பினேன்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது). சீக்கிரம் போனதால் பிழைத்தேன். உங்கள் வீட்டில் யாருக்காவது வாய் கோணினால், படுத்து எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்துக்கொள்ள மதுக்கரையிலிருந்து அந்தோணி என்ற அட்டெண்டர் வந்தார். வந்த அன்றே அவர் மேல் எனக்குச் சந்தேகம். காப்பி வாசம் அறையெங்கும் வரும், காப்பி வராது. தட்டில் பாதித் தோசைதான் இருக்கும்.

மனைவியை அழைத்துக் கிசுகிசுத்தேன். "சரசு, அந்தாளு என் காப்பியைக் குடிச்சுப்போடறான்."

"ஏனுங்க, காப்பி உங்க எடப்பக்கம் ஆறிட்டுக் கெடக்குது. அவரு காப்பியே தொடறதில்லீங்க."

இருவரும் கூட்டு என்று முடிவுகட்டினேன். அடுத்த வேளை ஓரக்கண்ணால் வேவு பார்த்தேன். அந்தோணி தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தார். காணாமல் போன பாதித் தோசை வந்து நின்றது. மாட்டிக்கொண்டதும் திருப்பி வைக்கிறான், கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

டாக்டர்தான் விளக்கினார். "கண்ணுல கோளாறு இல்லைங்க. எடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே உங்க மூளை மறந்திருச்சு." ஒருபக்கப் புறக்கணிப்பு (கண் நன்றாக இருந்தும் மூளை ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடுவது). "அதனாலதான் காப்பியை அந்தப் பக்கமே வெக்கச் சொல்லி அந்தோணிகிட்ட சொன்னேன். தேடித்தேடித்தான் திரும்பி வரும்."

பிறகு அந்தோணி டம்ளரை வைத்துவிட்டு என் இடது தோளைத் தட்டுவார். "இன்னுங் கொஞ்சம் திரும்புங்கண்ணா. அங்கயும் ஊடு இருக்குது." ஒருநாள் டம்ளரைத் தேடிப் போய் என் கையைக் கண்டுபிடித்தேன். யாரோ மடியில் மறந்துவிட்டுப் போன கை என்று அதையும் சந்தேகித்தேன்.

நடக்கத் தொடங்கியும் லேத் பக்கம் போக டாக்டர் விடவில்லை. பட்டறை தம்பி கைக்குப் போயிற்று. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. "எனக்கு உங்க வேலை வருமா?" என்று அந்தோணியிடம் கேட்டேன்.

"சந்தேகப்படற பேஷண்டுக்கு உங்களை விட்டா ஆளில்லீங்கண்ணா" என்றார். அவர் கூடவே போய்ப் பழகினேன்.

முதல் வீட்டில், மில்லில் மேஸ்திரியாக இருந்த ஒரு பெரியவர். அவருக்கும் இடப்பக்கம். தூக்கி உட்காரவைக்க மகன் இருந்தார். சாப்பிடவைப்பதும் கைகாலை அசைக்கவைப்பதும் என் பொறுப்பு. அப்பாவுக்குப் பிடித்தால்தான் மறுநாள் வேலை என்று மகன் சொல்லியிருந்தார்.

டம்ளரை இடப்பக்கம் வைத்தேன்.

"காப்பி எங்கீங்க?"

"இருக்குதுங்கய்யா. திரும்பிப் பாருங்க."

அவர் மகனை அருகில் அழைத்தார். ரகசியம் என் காதிலும் விழுந்தது. "கண்ணு, இந்தாளு குடிச்சுப்போட்டானாட்ட இருக்குது."

சிரிப்பு வந்தது, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பாதியிலேயே நின்றது. அவர் இடது தோளைத் தட்டினேன். காத்திருந்தேன். லேத்தில் நிற்கும்போது ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்கமாட்டேன். இப்போது ஒரு கழுத்து திரும்புகிற நேரம்தான் எனக்கு நேரம். அவர் மெல்லத் திரும்ப, என் இடது தோளும் கூடவே திரும்பியது. பிறந்ததிலிருந்து என்னோடிருந்தும் போன வருஷம்தான் எனக்குப் பழக்கமான தோள் அது.

டம்ளரைக் கண்டார். எடுத்து, உள்ளே எட்டிப் பார்த்து, அளவு குறைந்திருக்கிறதா என்று சோதித்துவிட்டே குடித்தார்.

கிளம்பும்போது கேட்டேன். "நாளைக்கும் வரட்டுங்களா?"

"வாங்க, காப்பியை உங்க ஊட்லயே குடிச்சிட்டு வாங்க."