காரணம் என்ற கட்டம்

உள்ளங்கையில் இரண்டு கிறுக்கு கிறுக்கி, பேனா எழுதுகிறதா என்று பார்த்த பிறகுதான் மூக்கம்மாள் கேட் பாஸ் சீட்டை நிரப்புவாள். ஓவர்லாக் தையல் மெஷின்மேல் சீட்டை வைத்து, எழுத்துக் கூட்டி, நிதானமாக.

அந்த பனியன் கம்பெனியில் வேலை நேரத்தில் வெளியே போவதென்றால் சீட்டில் காரணம் எழுத வேண்டும். எல்லோரும் ‘ப்ராப்ளம்’ என்று எழுதுவார்கள். பிள்ளைக்குப் பேதியா, ப்ராப்ளம். வாடகை வீட்டில் சண்டையா, ப்ராப்ளம். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மூக்கம்மாள் அப்படி எழுதுகிறவள் இல்லை. ‘வீட்டுக்காரர் குடித்துவிட்டு ராயபுரம் ரோட்டில் கிடக்கிறார். தூக்கப் போகிறேன்’ என்று போன மாதம் எழுதினாள். படித்துவிட்டு வாட்ச்மேன் சிரித்தார்.

“சிரிக்காதய்யா. ஒரு கை பிடிக்க வாறியா?”

பக்கத்து மெஷின் அபிராமிக்குத்தான் கூச்சம். “மானம் போகுதுக்கா.”

“கெடந்த மனுசனுக்குப் போகாத மானம் எனக்கு எதுக்குடி போகுது?”

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த முதல் வருடம், கரு கலைந்த அன்று, அவளும் ‘ப்ராப்ளம்’ என்றுதான் எழுதிக் கொடுத்தாள். மறுநாள், “ப்ராப்ளம் முடிஞ்சுதா?” என்று கேட்டு மெஷினில் உட்கார வைத்தார்கள். அதோடு அந்த வார்த்தையை விட்டாள்.

இந்தப் புதன்கிழமை எழுதியது: ‘லேடீஸ் கக்கூஸில் நாலு நாளாகத் தண்ணீர் இல்லை. வீட்டுக்குப் போய் அரை மணியில் வருவேன்.’

சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் சீட்டைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “ஏனுங்கக்கா, பர்சனல் ப்ராப்ளம்னு மாத்திக் குடுங்க. இப்பவே கையெழுத்துப் போடறனுங்க.”

“எனக்கு ஒரு ப்ராப்ளமும் இல்ல தம்பி. தண்ணிதேன் இல்ல.”

“நாளைக்கு பையர் ஆடிட்டுங்க. சரக்கு வாங்கற ஃபாரின் கம்பெனிக்காரங்க வந்து சீட்டு ஃபைல் பூராப் பார்ப்பாங்க. இது உள்ள இருந்தா என் வேலை போயிருமுங்க. உங்களையும் நிறுத்திப் போடுவாங்க.”

“நிறுத்தட்டும். எதுக்கு நிறுத்துனோம்னு அவுகளும் ஒரு சீட்டு எழுதட்டும்.”

மகுடேஸ்வரன் சீட்டை நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். புதுச் சீட்டு ஒன்றை எடுத்து வைத்தான். அந்த வரிசையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

மூக்கம்மாள் உள்ளங்கையில் இரண்டு கிறுக்கு கிறுக்கிப் பார்த்தாள். அதே வரிகளை, இந்தத் தடவை கட்டத்துக்குள் அடங்காத எழுத்தில் எழுதினாள். கீழே பெயரைப் போட்டாள்.

பிறகு சீட்டையும் மூடாத பேனாவையும் அபிராமி பக்கம் நீட்டினாள்.