பாலாடை நிற இருக்கை

எங்கள் ஊரில் ஒரு பொருளை வாங்குவது ஒரு வேலை, அதைப் பயன்படுத்துவது இன்னொரு வேலை. முதல் வேலையை எல்லாரும் செய்து முடித்துவிடுவார்கள். இரண்டாவதற்குப் பலருக்கு ஆயுள் போதாது. நல்ல பீங்கான் தட்டுகள் கண்ணாடி அலமாரியில் இருக்கும். சாப்பிடுவது விளிம்பு உடைந்த தட்டில். சோபாவுக்கு ஓர் உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க மேலே ஒரு போர்வை. தெற்கு ஜெர்மனியில் எங்கள் பீபராக் வட்டாரத்தில் பிறந்தவர்கள் இதைக் குணம் என்றுதான் சொல்வார்கள், வியாதி என்று சொல்ல மாட்டார்கள்.

இந்த விஷயத்தில் வெண்டலின் ரீகர் ஊரையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். நாற்பத்து மூன்று வருடம் தொழிற்சாலையில் இரும்பு கடைந்தவர். ஓய்வு பெற்றபோது அவருடைய கடைசல் இயந்திரம் புதிதாக வந்திறங்கியதைப் போல மின்னியதாம். அவர் மனைவி ஹெட்விக் நேர் எதிர். விரல் நகங்களில் எப்போதும் மண் இருக்கும். ஜன்னல், மாடிப்படி, குளியலறை என்று கிடைத்த இடத்திலெல்லாம் தொட்டி வைத்து ஏதாவது வளர்ப்பாள். பிள்ளைகள் இல்லை. செடிகளைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

எழுபது வயதில் ஹெட்விக்கின் இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. பழைய கார் தரையோடு தரையாக இருந்தது. அதிலிருந்து எழுந்திருக்க அவள் கதவைப் பிடித்துக்கொண்டு முனகுவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் வெண்டலின் அந்தப் புது வண்டியை வாங்கினார். சின்ன உருவம், உயரமான இருக்கை, உள்ளே மரமும் தோலுமாக இழைத்த சொகுசு வண்டி. எங்கள் ஊரில் மூட்டுவலிக்காரர்கள் பாதிப் பேர் இப்போது இந்த மாதிரி வண்டிதான் வைத்திருக்கிறார்கள். "ஏறவும் வேணாம், குனியவும் வேணாம். நாற்காலில உக்கார்ற மாதிரி உக்காந்துக்கலாம்மா," என்றான் விற்பனைக்காரன். ஹெட்விக் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு முனகல்கூட வரவில்லை. அன்று வெண்டலினுக்கு இருந்த சந்தோஷத்தைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

இருக்கைக்கு நிறம் தேர்ந்தெடுத்தது ஹெட்விக். பாலாடை நிறம்.

"கறுப்பு எடுத்தா அழுக்கு தெரியாது," என்றார் வெண்டலின்.

"கறுப்புல ஏற்கெனவே அழுக்கா இருக்கிற மாதிரி இருக்கும். எனக்கு இதுதான் வேணும். அப்புறம் ஒண்ணு, வெண்டல். செப்டம்பர்ல என்னை ஏரித் தீவுப் பூந்தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். டாலியா பூக்கிற நேரம். வேற எதுவும் உங்கிட்ட கேக்க மாட்டேன்."

"இதென்ன பெரிய விஷயம்? ஒண்ணே கால் மணி நேரம்."

அவர் மனதாரத்தான் சொன்னார். ஆனால் பாலாடை நிறம் அவரைப் பிடித்துக்கொண்டது. கதவுப் பையில் ஒரு சின்ன பிரஷ் வைத்தார். ஏறுவதற்கு முன் செருப்பின் அடியைத் தட்ட வேண்டும். வண்டிக்குள் ரொட்டி கிடையாது, காபி கிடையாது. மழை பெய்தால் வண்டி கொட்டகையை விட்டு வெளியே வராது. ஒருமுறை ஹெட்விக் பான்சிப் பூ நாற்றுத் தட்டு ஒன்றை முன் இருக்கையில் வைத்துவிட்டாள். வண்டி டிங் டிங் என்று அலறத் தொடங்கியது. இருக்கையில் பாரம் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று அதற்குக் கவலை.

"பாரு, வண்டிக்கே தெரியுது ஆள் வந்திருக்குன்னு," என்று சிரித்தாள்.

வெண்டலின் சிரிக்கவில்லை. ஈரத் தட்டு ஒரு பழுப்பு வளையத்தைப் பதித்திருந்தது. அதைப் போக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு ஹெட்விக் நாற்றங்காலுக்குப் பேருந்தில் போனாள். தேய்ந்த இடுப்போடு, இரண்டு கையிலும் தொட்டிப் பை தொங்க, நிறுத்தத்திலிருந்து மேடேறி வருவாள். பக்கத்து வீட்டு கோர்டுலா வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பாள்.

"என்ன ஹெட்விக், வண்டிக்கு உடம்பு சரியில்லையா?"

"அதுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நடக்கத் தெரியும். அதுவும் மழை இல்லன்னா."

முதல் செப்டம்பரில் சோள அறுவடை. சாலையெல்லாம் டிராக்டர் இழுத்த சேறு. அடுத்த வருஷம் போகலாம் என்றார் வெண்டலின். இரண்டாவது செப்டம்பரில் ஆலங்கட்டி மழை வரும் என்று வானொலி சொன்னது. தீவுக்கு எதிரே உள்ள நிறுத்துமிடத்துக்குக் கூரை இல்லை. ஆலங்கட்டி வரவில்லை என்பதை மறுநாள் ஹெட்விக் சொல்லிக் காட்டவில்லை. மூன்றாவது செப்டம்பரில் அவளே கேட்கவில்லை. அதை அவர் கவனிக்கவே இல்லை என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நல்ல மனுஷன்தான். இரும்பில் மயிரிழை பிசகினால் கண்டுபிடிக்கிற கண், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பேச்சைக் குறைத்ததைக் கண்டுபிடிக்கவில்லை.

நான்காவது கோடையில் ஹெட்விக்குக் கணையத்தில் புற்று. கண்டுபிடித்தபோதே பரவியிருந்தது. ஆகஸ்ட் முழுக்க உல்ம் நகரத்து மருத்துவமனையில். மாதக் கடைசியில், இனி வீட்டிலேயே இருக்கட்டும், வலிக்கு மருந்து தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். படுத்தபடி கொண்டுபோக வண்டி ஏற்பாடு செய்யவா என்று கேட்டாள் தாதி.

"வேணாம், நம்ம வண்டியிலயே போறேன். உக்கார நல்லா இருக்கும்," என்றாள் ஹெட்விக்.

வழியில் வாந்தி வரலாம், ஏதாவது கசியலாம் என்று தாதி வெண்டலினிடம் தனியாகச் சொல்லி வைத்தாள். அவர் கீழே போனார். போன வசந்தத்தில் சமையலறைக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய பிளாஸ்டிக் விரிப்பு வண்டியின் பின்பக்கம் மடித்து வைத்திருந்தது. அதை முன் இருக்கையில் விரித்தார். நான்கு மூலையும் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டார். அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்க மேலே ஒரு படுக்கை விரிப்பைப் போட்டார். அந்த நேரத்தில் அவருக்கு அது அக்கறையாகவே பட்டது.

சக்கர நாற்காலியிலிருந்து ஹெட்விக் இருக்கைக்கு மாறினாள். பாதியாக இளைத்திருந்தாள். உட்கார்ந்ததும் அடியில் சரசரவென்று சத்தம் கேட்டது. அவள் ஒரு கையால் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பழையபடி மூடினாள்.

"கவலப்படாத, வெண்டல்," என்றாள். "நான் அழுக்காக்க மாட்டேன்."

அவர் வண்டியைக் கிளப்பினார். நகர எல்லை தாண்டியதும் அவள் கேட்டாள்.

"இப்ப டாலியா ஆரம்பிச்சிருக்கும் இல்ல?"

"கொஞ்சம் தெம்பு வரட்டும். அடுத்த வாரம் கட்டாயம் போவோம்."

"ம்."

வீட்டுக்கு நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் அவள் முதுகை இருக்கையில் சாய்க்கவே இல்லை. மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டு நாற்காலியில் விளிம்பில் உட்காருவது போல உட்கார்ந்து வந்தாள். வாந்தியும் எடுக்கவில்லை. ஒன்பதாவது நாள் இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு வெண்டலின் ஏழு வாரம் வண்டியைத் தொடவில்லை. கல்லறைக்கு நடந்தே போனார். மண்மேட்டின் மேல் அடக்கத்தன்று வைத்த மலர்வளையங்கள் அழுகிக் கிடந்தன. எங்கள் பக்கம் நவம்பர் முதல் தேதி அனைத்துப் புனிதர் நாள். அதற்குள் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையைக் கொத்தி, புதுச்செடி நட்டு வைத்துவிட வேண்டும். அன்று பிற்பகல் பாதிரியார் வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போவார், ஊரே பின்னால் நடக்கும். வெறும் மண்ணாகக் கிடக்கிற கல்லறையை யாரும் மறக்க மாட்டார்கள்.

"ரீகர், இன்னும் நாலு நாள்தான் இருக்கு," என்று கோர்டுலா வேலிக்கு மேலே சொன்னாள். "நான் வேணா நட்டு வைக்கட்டுமா?"

"இல்ல. நானே பாத்துக்கறேன்."

அன்று அவர் வண்டியை எடுத்தார். ஹெட்விக் பேருந்தில் போய்வந்த அதே நாற்றங்கால். வாசலிலேயே நூற்றுக்கணக்கில் ஹீத் செடிகள், ஊதாவும் வெள்ளையுமாக. ஊரில் எல்லாருமே அதைத்தான் நடுவார்கள், பனி தாங்கும். வெண்டலின் டாலியா கேட்டார்.

"டாலியாவா? இந்த மாசத்துலயா?" நாற்றங்கால்காரிக்கு அவரைத் தெரியாது. ஹெட்விக்கை மட்டும்தான் தெரியும். "உள்ள கண்ணாடிக் குடில்ல ஒண்ணு மிச்சம் இருக்குங்க. வெளிய வெச்சீங்கன்னா ஒரே பனி, கறுத்துப் போயிடும். காசுக்குக் கேடு. ஹீத் எடுத்துக்கங்க, வசந்தம் வரைக்கும் அப்படியே இருக்கும்."

"எனக்கு வசந்தம் வரைக்கும் வேணாம்மா," என்றார். "ஒரு நாள் பூத்திருந்தாப் போதும்."

அடர் சிவப்பில் ஐந்து பூ. அப்போதுதான் தண்ணீர் ஊற்றியிருந்ததால் தொட்டியின் அடியிலிருந்து சேறு சொட்டியது. நாற்றங்கால்காரி பழைய செய்தித்தாளை நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. முன் கதவைத் திறந்து, தொட்டியை அப்படியே பாலாடை நிறத் தோலின் மேல் வைத்தார்.

வண்டியைக் கிளப்பியதும் அது டிங் டிங் என்று கத்தத் தொடங்கியது.

வெண்டலின் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வண்டிக்கு ஆள் வந்திருப்பது தெரிந்திருந்தது. பிறகு எட்டி, பெல்ட்டை இழுத்து, பூக்கள் நசுங்காமல் தொட்டியைச் சுற்றிப் பூட்டினார். சத்தம் நின்றது. ஆனாலும் அவர் கிளம்பவில்லை. இருக்கையின் பக்கவாட்டில் இருந்த பொத்தானைத் தேடி அழுத்தினார். முதுகுச் சாய்வு மெல்லிய முனகலோடு பின்னால் போயிற்று. அவர் கையால் தொட்டியையும் அதன்மேல் சாய்த்துவிட்டார். ஈர மண் சரிந்து, தையல் இடுக்குகளில் இறங்கி, இருக்கை முழுக்கப் பரவியது.

"சாஞ்சுக்கோ, ஹெட்விக்," என்றார். "நல்லா சாஞ்சுக்கோ."