மெதுவாகப் பேசிய மேடம்

கவுன்சிலிங் பயிற்சியில் என்னிடம் முதலில் சொன்னது, குரலைக் குறை என்பதுதான். நான் ராயபுரத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால் எதிர்வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அந்தத் தொண்டையை மூன்று மாதம் பாடுபட்டு ரேடியோவில் செய்தி வாசிப்பவர் அளவுக்குக் கொண்டுவந்திருந்தேன். பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

இரண்டாயிரங்களின் ஆரம்ப வருடங்கள். வடசென்னையில் டோல்கேட் பக்கம் ஒரு கல்லூரியில், கேரம் போர்டுகள் அடுக்கிய அறையில் எனக்கு ஒரு மேஜை. மாணவர்களின் பண்பாட்டைப் புரிந்து நடக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்த முதல் மாணவன் கும்பகோணத்துக்காரன். காலடிப்பேட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். அவனுக்குப் புரியாமல் போனது என் பண்பாடு.

"இந்த ஊர்ல யாருக்குமே என்னைப் பிடிக்கல மேடம். மெஸ் அக்கா தினமும் திட்டுறாங்க."

"என்ன சொல்லித் திட்டுறாங்க?"

நோட்டைப் பிரித்தான். எழுதியே வைத்திருந்தான்! "'இன்னாடா சோமாறி, கோழி கொத்துற மாதிரி துன்னுட்டு எழுந்துக்கினே? குந்து.' இது திங்கட்கிழமை."

சிரிப்பை அடக்க இருமினேன். அது பாசம்டா என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அறிவுரை சொல்லக் கூடாதாம். 'அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது' என்றுதான் கேட்கவேண்டுமாம். மூன்று வாரமும் அதையே கேட்டேன்.

"நீங்க ஒருத்தர்தான் மேடம் இங்க மனுஷங்க மாதிரி பேசுறீங்க" என்றான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

நான்காம் வாரம் பெட்டியோடு வந்தான். "படிப்பை விட்டுட்டுப் போறேன் மேடம். சாயங்காலம் ரயில். உங்ககிட்ட மட்டும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பையன். எப்படி இருக்கிறது என்று மென்மையாகக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"இன்னாடா டபாய்க்கிறியா? அக்கா திட்டுச்சாம், இவுரு மூட்டைய கட்டிக்கினு கெளம்பிட்டாராம்! உன்ன புடிக்கலன்னா அது ஏண்டா உன் தட்டப் பாக்குது? குந்துடா பேமானி!"

பொத்தென்று உட்கார்ந்தான். வராந்தாவில் போன ஆபீஸ் பியூன்கூட உட்கார்ந்திருப்பார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பயிற்சிச் சான்றிதழ் போச்சு, பையனும் போனான் என்று நினைத்ததில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவன் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினான். "திட்டி முடிச்சதும் அந்த அக்கா ஒரு முட்டை வைப்பாங்க மேடம். கேக்காமலே."

"அத ஏன் எழுதல?"

"திட்டை மட்டும்தான் எழுதினேன்." அப்புறம் மெல்ல, "டிக்கெட்டை எங்க போய் கேன்சல் பண்ணணும்?" என்றான்.

அவசர அவசரமாகப் பயிற்சிக் குரலுக்குத் திரும்பினேன். "அது முழுக்க முழுக்க உங்களுடைய முடிவு..."

அவன் முகம் வாடிவிட்டது.

"மெதுவா பேசாதீங்க மேடம். என்னைப் பிடிக்கலையோன்னு இருக்கு."