சால்னா கையோடு கொடுத்த இரத்தம்

மகேஸ்வரி போய்விட்டாள்.

காலையில் வாட்ஸ்அப்பில்தான் பார்த்தேன்... கேன்சராம். ஒரு வருஷமாக ட்ரீட்மென்ட்டாம். எங்களிடம் மூச்சு விடவில்லை, பாவி மகள்.

வாடிப்பட்டி லேப்பில் இரத்தம் எடுப்பாளே, அந்த மகேஸ்தான். ஊசி வலிக்கவே வலிக்காது. வாய்தான் குத்தும்.

நான் கப்பலூருக்குக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். ரெண்டு வருஷம் முன்னால் கண்ணில் புரை விழுந்து, வேன் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். "சுகர் குறைஞ்சாத்தான் ஆபரேஷன்" என்றுவிட்டார் டாக்டர்.

நமக்குத்தான் வழி தெரியுமே! டெஸ்ட்டுக்கு முந்தின மூன்று நாள் கடும் பத்தியம். நாலாம் நாள் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தேன். எதிரே புரோட்டாக் கடை திறக்கும்வரை காத்திருந்து நாலு புரோட்டா, சால்னா.

மூன்றாவது புரோட்டாவில் நிமிர்ந்தால், முன்னால் மகேஸ்.

"எந்திரிச்சு வாங்கண்ணே. இன்னொரு டெஸ்ட் இருக்கு."

"சாப்பிட்டுட்டேனேம்மா..."

"இதுக்கு வெறும் வயிறு வேணாம். மூணு மாசமா சுகர் எப்படி இருந்துச்சுன்னு இது சொல்லிரும்."

வலது கையில் சால்னா. இடது கையில் ஊசி. சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது... என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது.

"காலைல எடுத்த பேப்பரைக் காட்டிக் கண்ணை அறுக்கச் சொல்லப் போனீகளா? புண்ணு ஆறாட்டி என்னண்ணே பண்ணுவீக?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது.

"நான் இனிப்பையே தொடுறதில்ல, தெரியும்ல!"

"சோறு எம்புட்டுத் திங்குறீக?"

"அது சோறும்மா!"

சிரித்தாள். வாதாடவில்லை. மறுநாள் வழக்கம்போல் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொல்லி விரலில் குத்தினாள். அடுத்த நாள் காய், கூட்டு, முட்டை முதலில். சோறு பாதி, கடைசியில். திரும்பவும் குத்தினாள்.

இரண்டு நம்பரையும் ஒரே சீட்டில் எழுதிக் கையில் வைத்தாள். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! அதே வயிறு, அதே மாத்திரை. சோறும் உள்ளே போனால் சர்க்கரைதான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"குறைஞ்சிருச்சுன்னு மாத்திரையை நிறுத்தினீக, லேப் வாசலை மிதிக்கக் கூடாது" என்றாள்.

அப்புறம் தினமும் வீட்டில் சண்டை. "சாமிக்குப் படைச்ச மாதிரி ஒரு பிடி சோத்தை வைக்கிறியே" என்று என் வீட்டுக்காரியிடம் கத்துவேன். அவள் இன்னும் கொஞ்சம் அவரைக்காயைத் தள்ளிவிட்டுப் போவாள். சாப்பிட்டதும் படுத்துவிடுகிற நான், கம்மாக்கரையில் நடக்க ஆரம்பித்தேன்.

மூன்று மாசம் ஓடியது. அதே டெஸ்ட். எதிரே டீக்கடையில் நகம் கடித்துக்கொண்டிருக்கிறேன்... லேப்பிலிருந்து ரோட்டுக்கே ஓடி வந்தாள்.

"அண்ணே... பாஸு! பாஸ் பண்ணிட்டீக!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் புரோட்டா மாஸ்டர் கல்லில் ரெண்டு கரண்டியாலும் கொட்டு அடித்தார் பாருங்கள்... ஐம்பது வயசுக்காரன் நடுரோட்டில் அழுதேன். வெட்கமே இல்லை.

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாவியைத் திரும்ப வாங்கினேன்.

இன்று அலங்காநல்லூரில் இருக்கும் அவள் வீட்டுக்கு ஒரு வேன் நிறைய ஆள். அத்தனை பேரும் அவளிடம் ஊசிக்குக் கை நீட்டியவர்கள், திட்டு வாங்கியவர்கள். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்... அழுதோம்.

வண்டியை ஓட்டியது நான்தான் தங்கச்சி.

நிம்மதியாப் போம்மா.